விடைபெறும் தலைவர் எதை எழுதாமல் விட வேண்டும்? வாஷிங்டனின் 1796 மடல் குறித்து ஒரு விவாதம்

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதவியை விட்டு இறங்கும் தலைவர் கடைசியாகத் தம் மக்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்ற கேள்வியைச் சென்ற வாரம் நண்பர் ஒருவர் இங்கே எழுப்பியிருந்தார். விடை எழுதியவர்களில் பெரும்பாலோர் நன்றியுரையைப் பற்றியும் சாதனைகளை நினைவூட்டுவது பற்றியுமே எழுதினார்கள். எனக்கோ, அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1796-இல் எழுதிய விடைபெறும் மடல்தான் நினைவுக்கு வந்தது. பலரும் அதை உரை என்கிறார்கள். அவர் அதை எந்த மேடையிலும் பேசவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் கிளேபூல் என்பவர் நடத்திய நாளிதழில் செப்டம்பர் 19, திங்கட்கிழமையன்று, "நண்பர்களே, சக குடிமக்களே" என்ற விளிப்போடு அது அச்சில் வந்தது. நாடாளுமன்றத்தையோ மாநில ஆட்சிகளையோ முன்னிறுத்தாமல், நாளிதழ் வாங்கிப் படிக்கும் சாதாரண வாசகனிடம் நேராகப் பேசிய மடல் அது.

அந்த மடல் என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும் அது எப்படி எழுதப்பட்டது என்பதில்தான் இன்றைய தலைவர்களுக்குப் பாடம் இருப்பதாக நான் நினைக்கிறேன். முதல் பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1792 மே மாதத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசனிடம் ஒரு வரைவு எழுதித் தருமாறு வாஷிங்டன் கேட்டு வாங்கினார். அப்போது அவர் விலக முடியவில்லை. நான்கு ஆண்டுகள் அந்தத் தாள் அவரிடமே கிடந்தது. 1796 மே 15 அன்று, மேடிசனின் வரைவோடு தாமே எழுதிய நீண்ட பகுதியையும் சேர்த்து தம் முன்னாள் கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனுக்கு அனுப்பினார். அவர் தம் கையால் எழுதிச் சேர்த்த அந்தப் பகுதியில் மனக்குமுறல் நிறைய இருந்தது. நாளிதழ்கள் சில தம்மைப் பற்றி ஏமாற்றத்தாலும் அறியாமையாலும் பொய்களாலும் பக்கங்களை நிரப்பின என்றும், இத்தனை ஆண்டுகள் நாட்டுக்கு உழைத்த தம்மை அமைதியாகக் கல்லறைக்குச் செல்ல விட வேண்டும் என்றும் பொருள்பட அவர் எழுதியிருந்தார். அதே ஆண்டு ஜூலை 6 அன்று தம் முன்னாள் வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில், கொடுங்கோலன் நீரோவுக்கோ சாதாரணப் பிக்பாக்கெட்காரனுக்கோகூடப் பொருந்தாத சொற்களால் தம்மை ஏசுகிறார்கள் என்று அவர் வருந்தியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காயம் ஆறாத நிலையில்தான் அவர் பேனாவை எடுத்திருக்கிறார்.

ஆனால் தன்னைப் பற்றிய பேச்சு மிகுந்திருந்தால், அது நியாயமானதாகவே இருந்தாலும் நீக்கிவிடலாம் என்று ஹாமில்டனுக்கு அனுமதி கொடுத்தவரும் அவர்தான். மடல் எளிய, நேர்மையான, பாசாங்கற்ற நடையில் இருக்க வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. ஹாமில்டன் அந்தப் பகுதியை விலக்கிவிட்டுப் புதிய வரைவை அனுப்பினார். வாஷிங்டன் அதை ஏற்று, வரி வரியாகத் திருத்தி, முழுவதையும் தம் கைப்பட எழுதினார். அச்சில் வந்த மடலில் நாளிதழ்களின் மேல் ஒரு வசைகூட இல்லை. அதற்கு மாறாக, தெரிந்தே பிழை எதையும் செய்ததாகத் தமக்கு நினைவில்லை என்றும், ஆனாலும் தம் குறைகளைத் தாம் நன்கு அறிந்திருப்பதால் பல பிழைகள் செய்திருக்கவே கூடும் என்றும், அவற்றை நாடு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் இறுதியில் கேட்டுக்கொள்கிறார்.

கிளேபூல் பின்னாளில் பதிவு செய்த ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. அச்சு வேலை முடிந்ததும் கையெழுத்துப் படியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், அதைப் பிரிய மனம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாஷிங்டன் அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். மெய்ப்பைத் தாமே திருத்தி, நிறுத்தற்குறிகளில்கூடக் கவனம் செலுத்திய மனிதர், வேலை முடிந்ததும் அந்தத் தாளை ஓர் அச்சுக்காரரிடம் விட்டுச் சென்றார். விலகுவது எப்படி என்று கற்க விரும்பும் தலைவர் எவரும் இங்கிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

கரிசல்நிலம் எழுதியது:

வைகறை ஐயாவின் பதிவை இருமுறை படித்தேன். மடல் உருவான கதையை அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆயினும் அதன் உள்ளடக்கத்தை ஒதுக்கிவிட்டு எழுதிய முறையை மட்டும் போற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த உள்ளடக்கம் ஓர் அணியின் அரசியல் என்பதே என் வாதம்.

நாட்டில் அப்போது இரண்டு அணிகள் எதிரெதிரே நின்றன. பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே உடன்படிக்கையை, வலுவான மைய அரசை விரும்பிய ஃபெடரலிஸ்ட் அணி ஆதரித்தது. ஜெஃபர்சனும் மேடிசனும் கடுமையாக எதிர்த்தார்கள். வாஷிங்டன் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர். 1792-இல் மேடிசனிடம் வரைவு கேட்டவர் 1796-இல் ஹாமில்டனிடம் போனது ஏன் என்பதை நீங்கள் சொல்லவில்லை. மேடிசன் இதற்குள் எதிரணியின் தலைவர்களில் ஒருவராகிவிட்டார். ஹாமில்டனோ ஃபெடரலிஸ்ட் அணியின் மூளை. கட்சி மனப்பான்மை நாட்டைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கையை ஒரு கட்சியின் தலைமைச் சிந்தனையாளரே எழுதிக் கொடுத்தார் என்பதை மறைத்துவிட்டு, இதில் பாடம் கற்கச் சொல்வது சரியல்ல.

வெளியிட்ட நாளையும் பாருங்கள். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. அவர் விலகுவாரா மாட்டாரா என்பது உறுதியாகத் தெரியாத வரை எதிரணியால் வெளிப்படையாகக் களத்தில் இறங்க முடியவில்லை. ஃபெடரலிஸ்ட் அணியைச் சேர்ந்த ஃபிஷர் ஏம்ஸ் என்பவரே, குதிரைப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கத் தொப்பியைக் கீழே போடுவதைப் போல இந்த மடல் கட்சிக்காரர்களுக்கு அடையாளம் காட்டும் என்று செப்டம்பர் 26 அன்று கருவூலச் செயலர் ஆலிவர் உல்காட்டுக்கு எழுதினார். அந்தத் தேர்தலில், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில், ஃபெடரலிஸ்ட் வேட்பாளர் ஜான் ஆடம்சுக்கு 71 வாக்குகளும் ஜெஃபர்சனுக்கு 68 வாக்குகளும் கிடைத்தன. வித்தியாசம் மூன்றே வாக்குகள். அவ்வளவு நெருங்கிய போட்டியில் ஒவ்வொரு வாரமும் விலைமதிப்புடையது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சமூட்டுவது மடலின் ஒரு பகுதி. சட்டப்படி அமைந்த அதிகாரிகளின் முடிவுகளைத் தடுக்கவோ, திசைதிருப்பவோ, அவர்களை அச்சுறுத்தவோ நினைக்கும் கூட்டமைப்புகள், எவ்வளவு நல்ல முகத்தோடு வந்தாலும், குடியரசின் அடிப்படைக்கே ஆபத்தானவை என்று அதில் எழுதியிருக்கிறது. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் சாராய வரியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியை அடக்க 1794-இல் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படை திரட்டப்பட்டது. அதன் பிறகு, ஆட்சியை விமர்சித்து வந்த ஜனநாயகச் சங்கங்களைத் 'தாமாக முளைத்த சங்கங்கள்' என்று நாடாளுமன்றத்தில் கண்டித்தவர் இதே வாஷிங்டன். அந்தக் கண்டனம்தான் மடலில் பொதுவான அறிவுரை வடிவத்தில் மீண்டும் வருகிறது. தொழிற்சங்கத்தையும் விவசாயிகள் போராட்டத்தையும் மாணவர் அமைப்பையும் ஒடுக்க விரும்பும் எந்த ஆட்சியாளரும் இன்று இந்தப் பத்தியை அப்படியே எடுத்துக் கையாள முடியும். இதையா இன்றைய தலைவர்களுக்குப் பாடமாகக் கொடுக்கப் போகிறோம்?

வைகறை எழுதியது:

கரிசல் தோழருக்கு நன்றி. ஹாமில்டனிடம் போன காரணத்தை நான் விட்டுவிட்டது குறைதான், அதை ஏற்கிறேன். சங்கங்களைப் பற்றிய பத்தியிலும் உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வரியை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர்களையும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியவர்களையும் அவர் ஒரே தராசில் வைத்தார். அது பெரும் பிழை.

கட்சிகளைப் பற்றிய பகுதியை மட்டும் ஒருதலைச் சார்பு என்று தள்ளிவிட முடியாது. அவர் கட்சியே கூடாது என்று சொல்லவில்லை. கட்சி மனப்பான்மை மனித இயல்பிலேயே வேரூன்றியது என்கிறார். முடியாட்சியில் அதற்குச் சிறிது இடம் கொடுக்கலாம் என்றும், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சியில் அது எப்போதும் தேவைக்கு மேல்தான் இருக்கும் என்றும், ஆகவே அதை அணைக்க முடியாத நெருப்பாக எண்ணி, குளிர்காய உதவும் அளவைத் தாண்டிக் கொழுந்துவிட்டு எரியாதபடி காவல் இருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். நெருப்பு வீட்டுக்குள் இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டே பேசுகிறார்.

அதற்கு முன் வரும் வாக்கியங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஓர் அணி மற்றோர் அணியை மாறி மாறி அடக்கியாள, ஒவ்வொரு முறையும் பழிவாங்கும் வெறி கூடிக்கொண்டே போகும்; அந்தக் குழப்பத்திலும் துன்பத்திலும் சலித்துப்போன மக்கள் நிம்மதி வேண்டி ஒரு தனிமனிதனின் முழு அதிகாரத்தில் அடைக்கலம் தேடுவார்கள்; போட்டியாளர்களைவிடத் திறமையோ அதிர்ஷ்டமோ கூடிய ஒரு தலைவன் அந்த மனநிலையைப் பயன்படுத்தி மக்களின் விடுதலையின் இடிபாடுகள் மீது தன்னை உயர்த்திக்கொள்வான் என்கிறார். இதை எழுதிக் கொடுத்தவர் எந்த அணிக்காரர் என்பதற்காக இதில் உள்ள உண்மை குறைந்துபோகுமா? நோயாளியே தன் நோயைச் சரியாக விவரிக்கும்போது, உனக்கும்தானே இந்த நோய் என்று சொல்லி நாம் அந்த விவரிப்பைப் புறக்கணிப்பதில்லை.

முதலாண்டு எழுதியது:

நான் கல்லூரி மாணவன். எனக்கு ஓர் ஐயம். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது என்ற விதியும், வெளிநாடுகளோடு எந்தக் கூட்டும் வேண்டாம் என்ற கொள்கையும் இந்த மடலில் இருப்பதாகப் படித்திருக்கிறேன். இன்றைய தலைவர்களுக்கான பாடம் என்றால் அவை இரண்டும்தானே முதலில் வர வேண்டும்? பெரியவர்கள் விளக்க வேண்டும்.

பழுப்புத்தாள் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. இரண்டுமே பலர் நம்பிக்கொண்டிருக்கும் தவறுகள்.

பதவிக்காலத்திற்கு வரம்பு வேண்டும் என்று அந்த மடலில் ஒரு வரிகூட இல்லை. வயதும் ஓய்வு தேடும் மனமும் நாட்டின் அப்போதைய நிலையும் தாம் விலகுவதற்கு இடம் கொடுக்கின்றன என்று மட்டுமே எழுதுகிறார். நெருக்கடியான காலத்தில் எல்லோரும் தகுதியானவராகக் கருதும் ஒருவரின் சேவையை விதி போட்டுத் தடுப்பது பொருத்தமற்றது என்று 1788-இல் தம் ஃபிரெஞ்சு நண்பர் லஃபாயெட்டுக்கு அவர் எழுதிய கடிதமே இருக்கிறது. பின்வந்தவர்கள்தாம் அவருடைய செயலை மரபாக மாற்றினார்கள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு, 1951-இல் நிறைவேறிய அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது திருத்தம்தான் அதைச் சட்டமாக்கியது.

வெளிநாட்டுக் கூட்டைப் பொறுத்தவரை, அவர் மறுத்தது நிரந்தரக் கூட்டணிகளை மட்டுமே. ஏற்கெனவே செய்த ஒப்பந்தங்களை நேர்மையோடு காப்பாற்ற வேண்டும் என்றும், அசாதாரணமான நெருக்கடிகளில் தற்காலிகக் கூட்டணிகளை நம்பலாம் என்றும் அதே பகுதியில் சொல்கிறார். 'சிக்கவைக்கும் கூட்டணிகள்' என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் சொல் ஜெஃபர்சன் 1801-இல் பதவியேற்றபோது சொன்னது, வாஷிங்டனுடையது அன்று. அந்தப் பகுதியில் அவர் வலியுறுத்துவது வேறொன்றை. ஒரு நாட்டின் மீது தீராத வெறுப்போ கண்மூடித்தனமான பாசமோ கொண்ட தேசம், அந்த வெறுப்புக்கோ பாசத்துக்கோ ஓரளவு அடிமைதான் என்கிறார். பாசத்தையும் வெறுப்போடு சேர்த்து எச்சரித்திருப்பதைக் கவனியுங்கள்.

கரிசல்நிலம் எழுதியது:

பழுப்புத்தாள் ஐயா அந்தப் பாசம் யாரைக் குறித்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். 1778-இல் ஃபிரான்சோடு செய்த கூட்டணி இல்லாமல் அமெரிக்கா விடுதலைப் போரில் வென்றிருக்காது. 1793-இல் அந்த ஃபிரான்ஸ் போரில் இறங்கியபோது வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். ஃபிரான்சின் மீது பரிவு கொண்டவர்கள் எதிரணியில் இருந்தார்கள். ஆகவே பாசத்தைக் குறித்த எச்சரிக்கையும் எதிரணிக்கு விழுந்த அடிதான். முதல் உலகப் போருக்குப் பின் உலக நாடுகளின் சங்கத்தில் அமெரிக்கா சேரக்கூடாது என்று வாதாடியவர்களும் இந்த மடலைத்தான் துணைக்கு அழைத்தார்கள். விடைபெறுபவரின் சொல்லுக்கு மறுப்புச் சொல்ல எதிரில் ஆள் நிற்பதில்லை; அந்தச் சொல்லுக்குப் பிற்காலம் கொடுக்கும் பொருளைத் திருத்த எழுதியவரும் இருப்பதில்லை. வேதவாக்கு ஆகிவிடும் அந்த ஆபத்தைத்தான் நான் சுட்டிக்காட்டுகிறேன்.

பொன்னி எழுதியது:

நான் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். நீங்கள் இருவரும் மடலுக்குள்ளேயே நின்று வாதாடுகிறீர்கள். அது எழுதப்பட்ட வீட்டுக்குள் நான் உங்களை அழைத்துப் போக விரும்புகிறேன்.

1796 மே 15 அன்று வரைவு ஹாமில்டனுக்குப் போனது என்று வைகறை ஐயா எழுதினார். அதற்கு ஆறாவது நாள், மே 21 அன்று, ஃபிலடெல்ஃபியாவில் அதே வீட்டில் குடியரசுத் தலைவரின் குடும்பம் உணவருந்திக்கொண்டிருந்த நேரத்தில், ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் வாசலைக் கடந்து வெளியேறினார். திருமதி மார்த்தா வாஷிங்டனின் ஆடை அணிகளைக் கவனித்துக்கொண்டிருந்த அடிமைப் பெண் அவர். மார்த்தாவின் பேத்திக்குத் தம்மைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் தப்பிச் செல்ல முடிவெடுத்தார். அவரைப் பிடித்துத் தருவோருக்குப் பத்து டாலர் வெகுமதி என்று சில நாட்களில் நாளிதழில் விளம்பரம் வந்தது. அவரோ கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் நகரைச் சேர்ந்துவிட்டார்.

செப்டம்பர் 1 அன்று வாஷிங்டன் ஒரு கடிதம் எழுதினார். மடல் அச்சாவதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்பு எழுதிய கடிதம் அது. ஓனாவைப் பிடித்து அனுப்பப் போர்ட்ஸ்மத் சுங்க அதிகாரியை ஏவுமாறு அதில் கேட்டிருந்தார். யாருக்கு எழுதினார் தெரியுமா? கரிசல் தம்பி மேற்கோள் காட்டிய ஏம்சின் கடிதத்தைப் பெற்ற அதே ஆலிவர் உல்காட்டுக்குத்தான். தப்பியோடிய அடிமையை மீட்க நீதிபதியின் முன் செல்ல வேண்டும் என்று 1793-இல் வந்த சட்டத்தில் கையெழுத்திட்டவர், அந்த வழியைக்கூட நாடாமல் கருவூலத் துறையின் கையைப் பயன்படுத்தினார். வரி வசூலிக்க வைத்திருந்த அரசு அதிகாரி தலைவரின் வீட்டு வேலைக்கு ஏவப்பட்டார். ஒவ்வொரு துறையும் தனக்குரிய எல்லைக்குள் நிற்க வேண்டும், மீறும் பழக்கம் கொடுங்கோன்மையில் முடியும் என்று மடலில் ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுங்க அதிகாரி நினைவுக்கு வருகிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளி மாநிலத்தவர் கொண்டுவரும் அடிமைகள் தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் தங்கினால் விடுதலை பெறலாம் என்பது ஃபிலடெல்ஃபியா இருக்கும் பென்சில்வேனியாவின் அப்போதைய சட்டம். அந்தக் காலக்கெடு நிறைவடையாதபடி தம் வீட்டு அடிமைகளை மாநிலத்துக்கு வெளியே அனுப்பி வைக்கும்படியும், அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் உண்மைக் காரணம் தெரியாத வகையில் ஏதேனும் சாக்குச் சொல்லும்படியும் 1791 ஏப்ரலில் தம் செயலருக்கு அவர் எழுதினார். தனிவாழ்விலும் பொதுவாழ்விலும் நேர்மையே என்றும் சிறந்த வழி என்பது மடலில் உள்ள வாக்கியம். வகுப்பில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். ஊருக்குத்தான் உபதேசமா, டீச்சர் என்று ஒருமுறை ஒரு பெண் கேட்டாள். அவளுக்கு நான் அன்று சொன்ன பதிலில் எனக்கு இன்றளவும் நிறைவில்லை.

நாளிதழ்களின் மீதான கோபத்தை நீக்கியதை வைகறை ஐயா பெருந்தன்மை என்று போற்றுகிறார். அதே மடலில் அடிமைமுறை என்ற சொல்லே இல்லை. வடக்கும் தெற்கும் பிரியக்கூடாது என்று பக்கம் பக்கமாக வலியுறுத்தியவர், இரண்டையும் பிரிக்கப் போகும் காரணத்தை வாய்திறந்து சொல்லவில்லை. தம்மைப் பற்றிய வருத்தத்தை எழுதாமல் விடுவதும் பிறர் படும் துன்பத்தை எழுதாமல் விடுவதும் ஒன்றாகுமா?

வைகறை எழுதியது:

பொன்னி அம்மா, நேற்றிரவு உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. சுங்க அதிகாரியைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. எழுதாமல் விடுவதே பாடம் என்று தலைப்பு வைத்தவன் நான்; எதை எழுதாமல் விட்டார் என்பதை முழுமையாகப் பார்க்காமல் பாதியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் நான் விட்டுக்கொடுக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. அது அவர் விலகிய செயல். மூன்றாம் முறை நின்றிருந்தால் அவர் வென்றிருப்பார் என்பதில் எதிரணிக்கும் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பதவிக்காலம் 1801 மார்ச் வரை நீடித்திருக்கும். அவர் 1799 டிசம்பர் 14 அன்று காலமானார். பதவியிலேயே இறந்திருப்பார். குடியரசுத் தலைவர் என்பவர் சாகும்வரை இருப்பவர் என்ற எண்ணம் முதல் தலைமுறையிலேயே நிலைபெற்றிருக்கும். வரம்பு விதிக்கும் வரி மடலில் இல்லை என்று பழுப்புத்தாள் ஐயா சொன்னது சரி. விதியாக எழுதாமல் நடந்து காட்டியதால்தான் அது ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் மீறப்படாமல் நின்றது.

1797 மார்ச் 4 அன்று ஆடம்ஸ் பதவியேற்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். நான் வெளியேறிவிட்டேன், நீர் உள்ளே வந்துவிட்டீர், நம்மில் யார் அதிக மகிழ்ச்சியோடு இருக்கிறோம் என்று பார்ப்போம் என்று வாஷிங்டனின் முகம் சொல்வதைப் போல் தமக்குத் தோன்றியதாக ஆடம்ஸ் தம் மனைவிக்கு மறுநாள் எழுதினார். அந்த முகத்தில் இழப்பின் நிழலே இல்லை என்பது ஆடம்சுக்கு வியப்பாக இருந்திருக்கிறது. பதவி போனால் தான் யார் என்று தெரியாமல் தவிக்கும் தலைவர்களை நம் காலத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு என் பெரியப்பா இருபத்தாறு ஆண்டுகள் தலைவராக இருந்தார். மிக நேர்மையானவர். அவர் இறந்த மறுநாள், புத்தக அலமாரியின் சாவி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துத்தான் திறந்தோம். நல்லவர் ஒருவர் விலகாமலே இருப்பதும் ஒரு தீங்கு என்பதை நான் அன்று நேரில் கண்டேன்.

கரிசல்நிலம் எழுதியது:

விலகிய செயலை நானும் மதிக்கிறேன், ஐயா. அதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அந்தச் செயலுக்குக் கிடைத்த மதிப்பு மடலில் உள்ள ஒவ்வொரு கருத்துக்கும் கவசமாகிவிடக் கூடாது என்பதே என் நிலை. சாவியை ஒப்படைத்துவிட்டார் என்பதற்காக அலமாரியில் அவர் அடுக்கி வைத்த எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

பழுப்புத்தாள் எழுதியது:

மடல் பிற்காலத்தில் என்ன ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். உள்நாட்டுப் போரின் நடுவே, 1862-இல், ஃபிலடெல்ஃபியா மக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், வாஷிங்டனின் பிறந்தநாளான பிப்ரவரி 22 அன்று அது நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. பிரியாதீர்கள் என்று எழுதிய மடலை நாடு பிரிந்த பிறகு எடுத்துப் படித்தார்கள். 1896 முதல் ஆண்டுதோறும் செனட் அவையில் அதை வாசிக்கிறார்கள். ஓர் ஆண்டு ஒரு கட்சியின் உறுப்பினர், அடுத்த ஆண்டு மற்றக் கட்சியின் உறுப்பினர். முழுவதையும் வாசிக்க முக்கால் மணி நேரம் ஆகும். வாசித்தவர் ஒரு குறிப்பேட்டில் தம் பெயரையும் சில வரிகளையும் எழுதி வைப்பார். கட்சி வெறியைக் குறித்த எச்சரிக்கையைக் கட்சிகள் முறை வைத்து வாசிக்கின்றன. அதனால் நெருப்பு தணிந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். என்றாலும் எதிரணிக்காரர் வாசிக்கும் முறை வரும் ஆண்டில் அந்தச் சொற்கள் எதிரணியின் குரலில் ஒலிக்கின்றன. அது சிறிய காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொன்னி எழுதியது:

அப்படி வாசிக்கும் நாளில் உயிலையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பேன். கரிசல் தம்பியின் கவலைக்கும் அதுவே மருந்தாகும். 1799-இல் எழுதிய உயிலில், தமக்குச் சொந்தமான 123 அடிமைகளில் ஒருவர் உடனேயும் மற்றவர்கள் மார்த்தாவின் காலத்துக்குப் பின்னும் விடுதலை பெற வேண்டும் என்றும், முதியோரையும் நோயுற்றோரையும் பராமரிக்க வேண்டும் என்றும், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்க வேண்டும் என்றும் எழுதினார். மார்த்தா தம் வாழ்நாளிலேயே, 1801 ஜனவரி முதல் நாள், அவர்களை விடுவித்தார். நாட்டுக்கு எழுதிய மடலில் சொல்லத் துணியாததைத் தம் சொத்துப் பத்திரத்தில் சொல்லியிருக்கிறார். மூன்றாண்டுகள் தாமதம். எனினும் சொன்னார்.

அந்த உயிலும் ஓனாவை எட்டவில்லை. அவர் மார்த்தாவின் முதல் கணவருடைய சொத்துவழி வந்தவர். வாஷிங்டனால் சட்டப்படி விடுவிக்க முடியாதவர். 1796-இல் போர்ட்ஸ்மத் அதிகாரியிடம் ஓனா ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்திருந்தார்: வாஷிங்டன், மார்த்தா இருவரின் காலத்துக்குப் பின் விடுதலை உறுதி என்றால் திரும்பி வருகிறேன் என்றார். விசுவாசமின்மைக்குப் பரிசளிப்பது முறையல்ல என்று வாஷிங்டன் நவம்பரில் மறுத்து எழுதினார். மடல் வெளிவந்து அப்போது இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

ஓனா 1848 வரை நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்தார். கணவரையும் பிள்ளைகளையும் இழந்து, வறுமையில் இருந்தார். 1840-களில் நாளிதழ்க்காரர்கள் அவரைத் தேடிச் சென்று பேசினார்கள். வாஷிங்டனின் வீட்டில் இருந்த காலத்தில் அறிவுக்கோ ஒழுக்கத்துக்கோ உரிய கல்வி எதுவுமே தமக்குக் கிடைத்ததில்லை என்று அவர் சொன்னார். அறிவைப் பரப்பும் நிலையங்களை முதன்மையான கடமையாக எண்ணி வளருங்கள் என்ற வரி அந்த வீட்டிலிருந்துதான் நாட்டுக்குப் போனது. பின்னாளில் ஓனா படிக்கக் கற்றுக்கொண்டார். அந்த வீட்டில் இருந்ததைவிட அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறதே, விட்டு வந்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டபோது, இல்லை, நான் விடுதலை பெற்றவள் என்றார்.

என் மாணவி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்வதானால், மடலையும் உயிலையும் ஓனாவின் பேட்டியையும் அவள் கையில் கொடுத்து, மூன்றையும் ஒரே நாளில் படித்துவிட்டு வா என்பேன்.

வைகறை எழுதியது:

அம்மா, மடலின் முக்கியமான பகுதிகளைத் தமிழில் எழுதி இங்கே பதிவிட எண்ணியிருந்தேன். உயிலின் அந்தப் பகுதியையும் சேர்த்தே எழுதுகிறேன். ஓனாவின் பேட்டியை நீங்கள் எழுதித் தருவீர்களா? நீக்கப்பட்ட அந்தக் கோபப் பகுதியைக் கரிசல் தோழர் எழுதட்டும். அவர் அதை என்னைவிடக் கண்டிப்போடு பார்ப்பார்.